கறுத்த முனை

அந்தத் தாளில் நான்கு வரிகள் இருந்தன. முதல் வரியில் என் அக்காவின் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். மீதி மூன்று வரிகளில் அவளைத் திருடியாக்கியிருந்தார்கள். வாடிக்கையாளர் கொடுத்த கல்லின் ஒரு பகுதியை நான் எடுத்து மறைத்துவிட்டேன், ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன், தவறினால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். முதலாளியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டியது. ஓர் எழுத்துப் பிழை இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் எழுத எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம்.

அக்கா அந்தப் பட்டறையில் பதினோரு வருஷமாகக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறாள்.

பட்டறை, டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஏழு சக்கரங்கள், ஓர் அறுக்கும் மெஷின், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் ஏசி அறை. சுவரெல்லாம் கல் அரைத்த சேறு தெறித்து, காய்ந்து, வெளுத்துப்போயிருக்கும். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே சக்கரச் சத்தம். இரண்டுக்கும் நடுவில் பேசிப் பேசி, இங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். அக்கா மட்டும் விதிவிலக்கு. அவள் பேசுவதே குறைவு.

நான் அறுக்கும் மெஷினில் இருக்கிறேன். அதற்கு முன்பு பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் நைட் ஷிப்டில் இருந்தேன். ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. நான்கு மாதம் அக்கா வீட்டில் சும்மா தின்றேன். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஏதோ வேலை வந்துவிடும். பிறகு அக்கா சூப்பர்வைசரிடம் சொன்னாள், அவன் முதலாளியிடம் சொன்னான், எனக்கு வேலை கிடைத்தது. அதை அவன் மறக்கவே இல்லை. என்னையும் மறக்க விடவில்லை.

அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் லென்ஸ். கல் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவான். பாத்ரூம் போகும்போதும் கழற்ற மாட்டான். அங்கே என்னத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான் என்று மெருகு போடுகிற பெரியவர் கேட்பார். கல் வாங்குவது, பொட்டலம் கட்டி நம்பர் போடுவது, யாருக்கு எந்தக் கல் என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் லென்ஸ்தான். மெஷினில் கை வைக்கும் ஆசையும் உண்டு. அறுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன்.

அறுப்பதில் ஒரே ஒரு விஷயம்தான் உயிர். ஸ்விட்சைத் தட்டுவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். தண்ணீர் பிளேடின் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால் கல் வழுவழுப்பாக அறுபடும். ஓடாவிட்டால் கல் கத்தும், வெள்ளையாகப் பொடி பறக்கும், அறுத்த முகம் எலி கடித்த மாதிரி பொரிந்துபோய் ஓரமெல்லாம் சில்லு சில்லாக உடையும். லென்ஸ் முதலில் ஸ்விட்சைத் தட்டுவான். கல் கத்திய பிறகுதான் குழாயைத் தேடுவான். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதே கதை. சொன்னால், எனக்கே சொல்லித் தர்றியா என்பான்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவர், அதனால் நாங்களும் மேட்ரன் என்றே சொன்னோம். அவர் படியேறி வந்து இரண்டு வார்த்தை பேசினால் ஏழு சக்கரமும் தானாக மெதுவாகும், அப்படிக் குரல். அவர் கணவர் சுரங்கத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெறும்போது கொண்டுவந்த கல்லாம். செவ்வந்திக்கல். பில்லில் அமெதிஸ்ட் என்று போடுவோம். முஷ்டியில் பாதி அளவு. பதினெட்டு வருஷம் டிவிக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. அவருக்கு இரட்டைப் பெண்கள். ஒருத்திக்கு வாங்கியது இன்னொருத்திக்கு ஒரு நூல் குறைந்தாலும் வீடு இரண்டுபடும் என்றார். ஒரே மாதிரி இரண்டு கல் வேண்டும், நிறத்திலும் அளவிலும் ஒரு பொட்டு வித்தியாசம் இருக்கக் கூடாது. இதை லென்ஸிடம் நின்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். அன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை பொட்டலம் என் கைக்கு வந்தது.

செவ்வந்திக்கல் பூமிக்குள் முளை மாதிரி வளரும். அடியில் வெளுத்திருக்கும். நுனிக்குப் போகப் போகத்தான் ஊதா ஏறும். நல்ல கல்லில் முனை மை மாதிரி கறுத்துக் கிடக்கும். என் கைக்கு வந்த கல்லில் முனை இல்லை. முனை இருக்க வேண்டிய இடம் தட்டையாக அறுபட்டிருந்தது. அறுத்த முகம் எலி கடித்த மாதிரி இருந்தது.

யார் அறுத்தது என்று கேட்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவி லென்ஸிடம்தான் இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றும் செய்யவில்லை. மேட்ரனே அப்படிச் சொல்லியிருக்கலாம், முதலாளி சொல்லியிருக்கலாம், நமக்கெதற்கு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அதுவல்ல. வாங்கிக் கொடுத்த வேலையை அவன் பிடுங்கிவிடுவான் என்று பயம். பொரிந்த முகத்தை நேராக்க, தண்ணீரைத் திறந்துவிட்டு, அதிலிருந்து பிஸ்கட் கனத்துக்கு ஒரு சில்லை அறுத்தெடுத்தேன். சில்லை வழக்கப்படி பொட்டலத்திலேயே போட்டேன். எங்கள் பட்டறையில் ஒரு வேலைக்கு ஒரு பொட்டலம். அந்தக் கல்லிலிருந்து விழுந்த துண்டு துணுக்கு எல்லாம், வேலை முடிந்து பார்ட்டி வாங்கிக்கொண்டு போகும்வரை, அதே பொட்டலத்தில் கிடக்கும். பிறகு கல்லை அக்காவிடம் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா கல்லைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீருக்குள் போட்டு, அடியில் விளக்கை வைத்து இரண்டு நாள் பார்த்தாள். சும்மா பார்த்தால் கல் முழுக்க ஊதாவாகத் தெரியும். தண்ணீருக்குள் போட்டால் நிறம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். இந்தக் கல்லில் நிறம் மிச்சமிருந்தது அறுத்த முகத்தை ஒட்டி ஒரு நாடா மாதிரிதான். விரல் நக அகலம். மீதியெல்லாம் தண்ணீரோடு தண்ணீர்.

"ரெட்டைக் கல்லுக்கு இவ்வளவுதான் குடுத்தாங்களா" என்று கேட்டாள். லென்ஸ், "பார்ட்டி குடுத்தது அவ்வளவுதான். உன் கைவண்ணத்தைக் காட்டு" என்றான். நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் காட்டினாள். நாடாவைக் குறுக்கே இரண்டாக்கும்படி என்னிடம் கோடு போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு துண்டு நிறம். குச்சி முனையில் அரக்கைச் சூடாக்கி, கல்லை நட்டு, முதலில் அடிப்பக்கத்தைத் தீட்டினாள். நிறம் இருந்த பகுதி கல்லின் அடிக் கூரில், சரியாக நடுவில் வரும்படி பிடித்துத் தீட்டினாள். அதுதான் இந்த வேலையின் சூட்சுமம். மேலேயிருந்து இறங்குகிற வெளிச்சம் அடியில் பட்டை பட்டையாக மோதித் திரும்பும்போது அந்த நிறத்தை எடுத்துக்கொண்டு மேலே வரும். அடியில் மிளகளவு ஊதா இருந்தால் போதும், மேல்முகம் முழுக்க ஊதா நிறைந்து நிற்கும். ஒரு மயிரிழை தள்ளிப்போனால் கல்லில் பாதி வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கல்லில் இரண்டையும் ஒரே மாதிரி கொண்டுவருவதற்கு எங்கள் பட்டறையில் ஒரு கைதான் இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளைத் துணியில் இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மெருகுப் பெரியவர் பார்த்துவிட்டு, எது எந்தக் கல் என்று கல்லுக்கே தெரியாது என்றார். லென்ஸ் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருந்தால் அவன் சொல்ல மாட்டான்.

அவள் அறியாமல் செய்த காரியம் இதுதான். அவன் திருடியதை அவள் தன் வேலையால் மூடியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மேட்ரன் வந்தார். கல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இரண்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோனார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், இடுக்கியில் பிடித்துத் திருப்பினார். பக்கவாட்டில் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மேலே வெறும் பளிங்கு, அடியில் ஒரு துளி ஊதா.

"இது என்ன, கண்ணாடிக்கு அடியில கல்ல ஒட்டிக் குடுத்திருக்கீங்க" என்றார்.

நிறம் ஏன் அப்படி இருக்கிறது என்று லென்ஸால் அரை நிமிடத்தில் விளக்கியிருக்க முடியும். இருபது வருஷமாகப் பார்ட்டிகளுக்கு அதைத்தான் விளக்குகிறான். அன்றைக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலாளி அறையிலிருந்து வந்தார், லென்ஸைப் பார்த்தார், லென்ஸ் தரையைப் பார்த்தான். முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, பார்ட்டி முன்னாலேயே, கல்லை மாற்றினாயா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அவ்வளவுதான், லென்ஸுக்குப் பேச்சு வந்துவிட்டது. அவள் பையைப் பார்த்துவிடலாம் என்றான்.

பார்த்தார்கள். மேஜையில் கொட்டினார்கள். சீப்பு, மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி, என் அக்கா பெண்ணின் ஸ்கூல் ரசீது. டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்பூனால் சோற்றைக் கிளறினான் லென்ஸ். அவள் மதியம் சாப்பிட வேண்டிய சோறு. அரக்குக் கிண்ணத்தைக்கூட உடைத்துப் பார்த்தான். ஆறு பேர் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் முடித்ததும், "எல்லாத்தையும் திரும்ப எடுத்து வை" என்றாள். அவன் முதலாளியைப் பார்த்தான். அவள் நகரவில்லை. அவன் சீப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

அதன் பிறகு அவள் தன் டம்ளரில் புதுத் தண்ணீர் பிடித்து வந்து மேட்ரன் முன்னால் வைத்தாள். ஒரு கல்லை உள்ளே போட்டு விளக்கைக் காட்டினாள். ஒட்டியிருந்தால் ஒட்டிய இடத்தில் கோடு தெரியும், குமிழி தெரியும் என்று பொறுமையாகச் சொன்னாள். கோடு இல்லை. ஊதா அடியில் ஆரம்பித்து, புகை கலைகிற மாதிரி மேலே போய்க் கரைந்தது. ஒரே கல். மேட்ரன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "தப்பா சொல்லிட்டேம்மா, மன்னிச்சுக்கோ" என்றார். எங்கள் முதலாளியின் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேட்ரன் நிமிரவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நிறம் இவ்வளவுதான் இருந்துச்சுங்கறே. என் கல்லுல ஒரு முனை இருந்துச்சே. கறுப்பா, மை மாதிரி. தினமும் தொடைச்சவ நான். அது எங்க?"

அக்கா தன்னை நிரபராதி என்று காட்டத்தான் அந்த விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் காணாமல் போனது எது என்பதும் தெரிந்துவிட்டது. அதற்கும் ஆள் தேவைப்பட்டபோது அவள்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முழுக் கல்லாகத்தான் இவள் பெயருக்குப் பொட்டலம் கட்டினேன் என்றான் லென்ஸ். குரல் நடுங்கவே இல்லை. முதலாளி அறைக்குள் போனார். ஆறு நிமிடம் கழித்து அந்தத் தாளோடு வந்தார்.

போலீஸ் கீலீஸ் வேண்டாம், பதினோரு வருஷம் வேலை செய்திருக்கிறாய், உன் குடும்பத்தை நினைத்துத்தான் இப்படிச் செய்கிறேன் என்றார். டீ நேரம் முடிவதற்குள் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே. உன் தம்பியும்தான். ஏதோ சலுகை கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். கையெழுத்துப் போட்டால் அந்தத் தாள் ஊரில் உள்ள எல்லாப் பட்டறைக்கும் போகும். கல் வேலையில் கை நீளம் என்று ஒருமுறை பெயர் வாங்கியவளை அப்புறம் ஒருத்தனும் சக்கரத்தில் உட்கார வைக்க மாட்டான். போடாவிட்டால் வேலை இன்றே போகும். மேட்ரன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முனையைப் பார்க்காமல் படியிறங்க மாட்டேன் என்றார்.

அக்கா நேராக என் மெஷினுக்கு வந்தாள்.

"உன் கைக்கு வரும்போது முனை இருந்துச்சா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இல்லக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பொட்டலத்த எடு" என்றாள்.

பொட்டலத்தை முதலாளியின் மேஜையில் பிரித்தேன். துணுக்குகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சில்லை எடுத்து மேட்ரன் கையில் வைத்தேன். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் பொரிந்து கிடந்தது. வழுவழுப்பான பக்கம் நான் அறுத்தது, மற்றது எனக்கு வருவதற்கு முன்பே அறுபட்டது என்று சொன்னேன். மேட்ரன் கட்டை விரலால் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் போட்ட தையல் மாதிரி இருக்கு" என்றார். "எங்க வார்டுல இதப் பாத்தே எந்த டாக்டர்னு சொல்லிடுவேன்."

லென்ஸ் சிரித்தான். இந்த மெஷின் பிளேடு பழசு மேடம், ஒரு நேரம் நல்லா வரும், ஒரு நேரம் இப்படி வரும், யார் அறுத்தாலும் அப்படித்தான் என்றான். அவனுக்கு எரிச்சல், அவசரம், அதற்கும் மேலே எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற திமிர். "நானே அறுத்துக் காட்டறேன், வாங்க" என்றான்.

குழாய் மூடியிருந்தது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். மெருகுப் பெரியவர்கூடப் பார்த்துவிட்டு மேலே ஃபேனைப் பார்த்தார்.

லென்ஸ் ஒரு வீண் கல்லை எடுத்தான். கிடுக்கியில் பொருத்தினான். ஸ்விட்சைத் தட்டினான்.

கல் கத்தியது. பல்லெல்லாம் கூசுகிற கத்தல். வெள்ளைப் பொடி எழும்பி அவன் மீசையில் படிந்தது. அப்புறம்தான் அவன் இடது கை குழாயைத் தேடிப் போனது. பாதி வழியில் அவனுக்கே புரிந்துவிட்டது. கை அங்கேயே நின்றது. நான் ஸ்விட்சை அணைத்து, கல்லைக் கழற்றி, சில்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். எலி கடித்த இரண்டு முகங்கள். ஒரே எலி.

"ஞாயித்துக்கிழமை மெஷின ஓட்டினது யாரு?" என்று அக்கா கேட்டாள். லென்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் முதலாளியைப் பார்த்தான். காலையிலிருந்து நான்கு முறை அவன் அப்படிப் பார்த்திருந்தான். பயந்து பார்க்கிறான் என்றே நினைத்திருந்தேன். இப்போதுதான் அது வேறு பார்வை என்று உறைத்தது. நீங்க சொல்லித்தானே செஞ்சேன் என்கிற பார்வை.

மேட்ரனும் அந்தப் பார்வை போன திசையில் பார்த்தார். நோயாளி எங்கே மாத்திரையை ஒளித்தான் என்று கண்டுபிடித்தவர் அல்லவா. எழுந்து போய் முதலாளியின் எதிரில் நின்றார். கையை நீட்டியபடி நின்றார்.

முதலாளி சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "அட, இதுவா" என்றார். மேஜையின் இரண்டாவது டிராயரைத் திறந்து, சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தார். உள்ளே கறுத்த முனை. வெளிச்சத்தில் ஓரங்கள் மட்டும் ஊதாவாகத் துடித்தன. நிறத்துக்கு ஒரு சாம்பிள் பார்க்கத்தான் எடுத்து வைக்கச் சொன்னேன், வேலை மும்முரத்தில் மறந்தே போச்சு பாருங்க மேடம், வயசாகுதில்ல என்றார். டேய், மேடத்துக்கு நல்லா ஸ்ட்ராங்கா ஒரு டீ வாங்கிட்டு வாங்கடா. ஆறு பேரில் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும், சொல்லி என்ன ஆகப்போகிறது.

சிரித்துக்கொண்டே அந்தத் தாளைக் கிழிக்கக் கையை நீட்டினார். அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கிழிக்காதீங்க சார்."

அதான் கிடைச்சிருச்சே, விடும்மா, பெரிசு பண்ணாதே என்றார்.

"என்கிட்ட இருக்கும்னு நெனச்சப்ப திருட்டுன்னு எழுதினீங்க. உங்க டிராயர்ல இருந்து வந்தா மறதியா? என் சோத்தக் கெளறினப்ப இது உங்க டிராயர்லதான இருந்துச்சு. பாத்துட்டுதான நின்னீங்க."

பதினோரு வருஷத்தில் அவள் அந்த அறையில் பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. குரல் உயரவில்லை. முதலாளி சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

மேட்ரன் கவரை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். இதையும் நீயே தீட்டிக் கொடு, இது எனக்கு என்றார். வேறு யார் கையும் படக் கூடாது. பிறகு முதலாளியிடம் திரும்பி, தன் வீட்டுக்காரரோடு சுரங்கத்தில் இருந்தவர்கள் இன்னும் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், எல்லோர் வீட்டு டிவிக்குப் பக்கத்திலும் ஒரு கல் இருக்கிறது, இந்தப் பட்டறையைப் பற்றி அவர்களிடம் சொல்லத்தான் நினைத்திருந்தேன் என்றார். என்ன சொல்வார் என்பதைச் சொல்லவில்லை.

முதலாளி கவரைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார்.

"தீட்டித் தரேன்மா" என்றாள் அக்கா மேட்ரனிடம். "முதல்ல இவரு எழுதட்டும்."

அதே தாளின் பின்பக்கத்தில் எழுதினார். மறதியால் தன் டிராயரில் இருந்துவிட்டது என்று எழுதினார். அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறதியை அடித்தார். தவறுதலாக என்று எழுதினார். அவள் அதையும் திருப்பிக் கொடுத்தாள். மேட்ரனுக்கு டீ வந்தது, அவர் குடித்து முடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். முதலாளி மூன்றாவது தடவை எழுதினார். வாடிக்கையாளரின் கல்லிலிருந்து முனையை என் உத்தரவின் பேரில் சூப்பர்வைசர் அறுத்து எடுத்தார், பட்டை தீட்டுபவருக்கு இதில் சம்பந்தமில்லை. இவ்வளவையும் எழுத அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதிலும் இரண்டு எழுத்துப் பிழை. அக்கா அவற்றைத் திருத்தச் சொல்லவில்லை. லென்ஸையும் கீழே கையெழுத்துப் போட வைத்தாள். தாளை மடித்து, அவன் கிளறிய டிபன் பாக்ஸின் மூடிக்கு அடியில் செருகினாள்.

சோற்றை வெளியே கொட்டினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

லென்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பத்து நாள் லீவில் போய் வந்தான், கழுத்தில் அதே கயிறு. முதலாளி இன்னும் மறதி என்றுதான் வெளியில் சொல்கிறார். வேலையை விட்டுப் போயிருக்க வேண்டியதுதானே என்று மாமா கேட்டார். என் சக்கரத்தை விட்டுட்டு நான் எதுக்குப் போகணும் என்றாள். முனையை ஒன்பது நாளில் தீட்டிக் கொடுத்தாள். அதில் நிறத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அடியிலிருந்து மேல்வரை ஊதா. மேட்ரன் அதை மோதிரமாகப் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். பன்னிரண்டு கல்லில் இதுவரை ஐந்து வந்திருக்கிறது. ஐந்தையும் அக்கா கையில் நேராகக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியிறங்கும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். எப்போது தெரியும் என்று.

"திங்கக்கிழமையே தெரியும்க்கா."

அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டில் வழக்கம்போல் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், நானும் தின்றேன். மாமாவுக்குக்கூட அன்று வேலை எதுவும் வரவில்லை.

இப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பேசுகிறாள், டேய் என்கிறாள், என் சட்டைப் பட்டன் போனால் தைத்துத் தருகிறாள். ஆனால் கல்லை அறுத்து அவளிடம் கொண்டுபோனால், உடனே வாங்கி அரக்கில் நடுவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாக, விரலால் தடவிப் பார்க்கிறாள். எல்லா முகத்தையும் பார்த்த பிறகுதான் தலையாட்டுகிறாள். பார்ட்டிகள் நேரில் கொடுக்கும் கல்லை அவள் அப்படிப் பார்ப்பதில்லை. என் கையிலிருந்து வருவதை மட்டும்தான்.

அவள் பார்த்து முடிக்கும்வரை நான் நிற்கிறேன். நிற்க வேண்டியதுதான்.